மாட்டிய ரெய்டை அனுப்புங்கள்

அன்புள்ள அண்ணனுக்கு,

எங்கள் ஊர்க் கபடிக் குழுவில் நான் ரைடர், எதிரணிப் பக்கம் பாடிப் போகிறவன். ப்ரோ கபடி ஆடும் வீரர்களை இன்ஸ்டாகிராமில் என் ரீல்ஸில் டேக் செய்கிறேன், மெசேஜும் போடுகிறேன். ஒருவரும் பதில் சொல்வதில்லை. கிராமத்து ஆட்டக்காரன் என்றால் மதிக்க மாட்டார்களா? என் ரீல்ஸ் ஒன்றை இத்துடன் அனுப்பியுள்ளேன்.

– எம்., தேவிபட்டினம்

அன்புள்ள தம்பி,

மதிக்காமல் இல்லை. உங்கள் ரீல்ஸில் பாட்டு இருக்கிறது, ஸ்லோமோஷன் இருக்கிறது, நாலு டச் இருக்கிறது. பார்ப்பவர் ‘சூப்பர்’ என்று சொல்லலாம், அதற்கு மேல் சொல்ல அதில் எதுவும் இல்லை.

மாட்டிக்கொண்ட ரெய்டை அனுப்புங்கள். நடுக்கோட்டைத் தாண்டியதிலிருந்து பிடிபடும் வரை, வெட்டாமல். ஒரு ரெய்டே 30 விநாடிதான். கூடவே உங்கள் எடை, எதிரே எத்தனை பேர், மண் தரையா விரிப்பா (மேட்) என்று இரண்டு வரி. நம் கடலோர மணலில் உந்தும் கால் புதையும், விரிப்பில் புதையாது. இதைச் சொல்லாவிட்டால் விரிப்புக்கான யோசனைதான் வரும். பிறகு ஒரே ஒரு கேள்வி: “போனஸ் புள்ளிக்குக் கால் நீட்டும்போது லெஃப்ட் கார்னர் (இடது ஓரத் தடுப்பாட்டக்காரர்) கணுக்காலைப் பிடித்துவிடுகிறார், எங்கே தப்பு?” இதற்கு எந்த ரைடருக்கும் பதில் சொல்லக் கை பரபரக்கும்.

படம் எடுப்பதில்தான் பாதி கெடுகிறது. போனஸ் புள்ளிக்கு ஒரு கால் போனஸ் கோட்டைத் தாண்டும்போது பின்கால் தரையில் படக்கூடாது. கூட்டத்துக்குப் பின்னால் நின்று எடுத்தால் அந்தப் பின்கால் தெரியவே தெரியாது. பக்கக் கோட்டிலிருந்து ஆறு மீட்டர் தள்ளி, போனஸ் கோட்டுக்கு நேராக, டிராக்டர் டிரெய்லர் மாதிரி உயரமான இடத்தில் ஒருவரை நிறுத்துங்கள். போனைப் படுக்கையாகப் பிடிக்கட்டும். நிமிர்த்திப் பிடித்தால் பாதி ஆட்டக்காரர்கள் வெட்டுப்பட்டுப் போவார்கள். கடல்காற்றில் லென்ஸில் உப்பு படிந்திருக்கும், ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் துடைக்க வேண்டும். இல்லையென்றால் விளக்கைச் சுற்றி வெளிச்சம் பூத்து, கால்கள் கலங்கலாகிவிடும். ராத்திரி எல்இடி வெளிச்சத்தில் ஸ்லோமோஷன் வேண்டாம், படம் விட்டுவிட்டு மின்னும். கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/100 விநாடியில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் டாக்குமெண்டாக அனுப்புங்கள், தெளிவு குறையாது.

யாருக்கு அனுப்புவது? பெரிய நட்சத்திரங்களை விடுங்கள். அவர்கள் பின்தொடராதவர்கள் அனுப்பும் மெசேஜ், ரிக்வெஸ்ட் பெட்டிக்குள் போய் அங்கேயே கிடக்கும். பெஞ்சில் இருக்கும் இளம் வீரர்கள், ஆடி முடித்துக் கோச்சாக இருப்பவர்கள், நடுவர்கள்: இவர்கள் பார்ப்பார்கள். முதலில் அவர்கள் போட்ட ஒரு கிளிப்பின் கீழே ஆட்டம் பற்றிக் கேளுங்கள். யோசனை கிடைத்தால் இரண்டு மூன்று வாரம் பழகிவிட்டு, அதே ரெய்டை மறுபடி எடுத்து அனுப்புங்கள். சொன்னதைச் செய்து பார்த்தவனை யாரும் மறப்பதில்லை. உறவு அந்த இரண்டாவது வீடியோவில்தான் ஆரம்பிக்கிறது.

ஒரு எச்சரிக்கை. ‘டிரையலில் (அணித் தேர்வில்) இடம் வாங்கித் தருகிறேன்’ என்று கூகுள் பே எண் அனுப்புகிறவர்கள் வருவார்கள். அணியின் லோகோவும் வைத்திருப்பார்கள். பணமோ ஆதார் நகலோ கொடுத்துவிடாதீர்கள். டிரையல் உண்மைதானா என்று அணியின் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் பார்த்துவிட்டு, மாவட்டக் கபடிக் கழகத்திலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.