மனித நோயெதிர்ப்புச் செல்களோடு வாழும் சுண்டெலி: சில கேள்விகள், பதில்கள்

கேள்வி: மனித செல்லை எலிக்குள் செலுத்தினால் அதன் உடம்பு சும்மா விடுமா?

விடாது. அதனால்தான் எதிர்க்கவே திராணியில்லாத எலி தேவைப்பட்டது. நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களான டி செல், பி செல் இரண்டும் இல்லாத 'ஸ்கிட்' எலியை 1983-ல் பிலடெல்பியாவில் மெல்வின் போஸ்மா குழுவினர் கண்டறிந்தார்கள். ஆனால் அதில் அந்நியச் செல்களைக் கொல்லும் என்கே செல்கள் மிச்சமிருந்தன; மனித செல்கள் சரியாகத் தங்கவில்லை. என்கே செல்கள் வளரத் தேவையான, இன்டர்லூக்கின்-2 ஏற்பியின் காமா சங்கிலி மரபணுவையும் முடக்கிய பிறகே கதவு திறந்தது. ஜப்பானின் என்ஓஜி எலி 2002-லும், அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்து என்எஸ்ஜி எலி 2005-லும் வெளிவந்தன.

கேள்வி: என்எஸ்ஜியின் மூல இனமான என்ஓடி, சர்க்கரை நோய் வரும் எலியாமே? அதை ஏன் எடுத்தார்கள்?

எனக்குப் பிடித்த கேள்வி இது. மனித செல்லின் மேல் சிடி47 என்ற புரதம் இருக்கிறது. விழுங்குசெல்லிடம் "என்னைத் தின்னாதே" என்று சொல்வது அதுதான். பெரும்பாலான எலி இனங்களின் விழுங்குசெல்களுக்கு அந்தச் சேதி சரியாக எட்டுவதில்லை. என்ஓடியின் விழுங்குசெல்லில் அந்தச் சேதியை வாங்கும் சிர்ப்-ஆல்ஃபா ஏற்பி மட்டும் மனித சிடி47-ஐ இறுகப் பற்றுகிறது. இந்தக் காரணம் புரிந்ததே 2007-ல்தான். அதுவரை நடந்தது அதிர்ஷ்டம் என்றே சொல்வேன். கணையத்தைத் தாக்கி அந்த நோயை வரவழைக்கும் டி செல்லே இல்லாததால் என்எஸ்ஜிக்குச் சர்க்கரை நோயும் வராது.

கேள்வி: மனித செல்கள் எங்கிருந்து வருகின்றன?

பெரும்பாலும் தொப்புள்கொடி ரத்தத்தின் ஸ்டெம் செல்கள், அதாவது மற்ற ரத்தச் செல்களை உருவாக்கும் மூலச் செல்கள். அவற்றுக்கு இடம் உண்டாக்க எலிக்கு லேசாகக் கதிர்வீச்சு கொடுத்து, பிறகு செலுத்தி, மூன்று மாதம்போலக் காத்திருக்க வேண்டும். அவசரமென்றால் பெரியவர்களின் ரத்த வெள்ளணுக்களை நேராக ஏற்றலாம். ஆனால் அந்த டி செல்கள் சில வாரங்களில் எலியையே தாக்கத் தொடங்கிவிடும்.

கேள்வி: இவ்வளவு சிரமம் எதற்கு? சாதாரண எலியும் குரங்கும் போதாதா?

மனிதருக்குக் கொடுக்கும் முன் மருந்தைச் சோதித்துப் பார்க்கத்தான். மற்ற விலங்குகள் ஏன் போதாது என்பதற்கு, 2006 மார்ச்சில் லண்டனில் நடந்ததைப் பாருங்கள். டி செல்களைத் தூண்டும் டிஜிஎன்1412 என்ற மருந்தை ஆறு தன்னார்வலர்களுக்குக் கொடுத்தார்கள். குரங்குகள் 500 மடங்கு அளவைத் தாங்கியிருந்தன. ஆனால் நோயெதிர்ப்புச் செல்களின் சேதிப் புரதங்கள் கட்டுமீறிப் பெருகும் சைட்டோகைன் புயல் கிளம்பி, ஆறு பேருக்கும் பல உறுப்புகள் செயலிழந்தன. நல்லவேளை, எல்லோரும் பிழைத்தார்கள். காரணம், அந்த மருந்து பற்றும் சிடி28 புரதம் குரங்கின் சில நினைவு டி செல்களில் (முன்பு சந்தித்த கிருமியை நினைவில் வைப்பவை) இருப்பதில்லை. பின்னாளில் மனித வெள்ளணு ஏற்றிய எலிகளுக்கு அதே மருந்தைக் கொடுத்தபோது அவை உடல் வெப்பம் சரிந்து வீழ்ந்தன. எச்ஐவியும் இப்படித்தான்: சாதாரண எலியைத் தொற்றாது, இந்த எலியைத் தொற்றும்.

கேள்வி: அப்படியென்றால் இதில் தேறிய மருந்தை நம்பலாமா?

முழுசாக நம்ப வேண்டாம். நிணநீர்க் கணுக்கள் சரியாக வளராது, எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) உற்பத்தி மந்தம். டி செல்கள் பயிற்சி பெறுவதும் எலியின் நெஞ்சிலுள்ள தைமஸ் சுரப்பியில்தான். ஈரலும் சிறுநீரகமும் எலியுடையவை; அங்கே வரும் நச்சுத்தன்மையை வைத்து மனிதருக்குத் தீர்ப்பு எழுத முடியாது.

கேள்வி: எலி மனிதரைப் போல யோசிக்குமா?

இல்லை. ரத்தச் செல்கள் மட்டும்தான் மனிதருடையவை.

கேள்வி: ஒரே கொடையாளரின் செல்களை எல்லா எலிக்கும் வைத்தால் போதுமா?

போதாது. ஒருவரின் செல்கள் செய்வதை இன்னொருவருடையவை செய்யாமல் போகலாம். குறைந்தது இரண்டு, மூன்று கொடையாளர்களாவது வேண்டும். அப்புறம், தீவனம், தண்ணீர், கூண்டு எல்லாம் கிருமி நீக்கியவையாக இருக்கட்டும்; மற்ற எலிகள் பொருட்படுத்தாத கிருமியே இவற்றைக் கொன்றுவிடும்.