பக்கியில் கேரவன் கட்டலாமா? டர்பனுக்குப் புதுசா வந்த தம்பிக்கு

தம்பி, நீங்க கேட்டதைச் சுருக்கிச் சொல்லிடறேன், மத்தவங்களுக்கும் புரியட்டும். தென்னாப்பிரிக்காவுல டர்பன் வந்து எட்டு மாசம். டபுள் கேப் பக்கி (ரெண்டு வரிசை சீட்டு, பின்னால சாமான் தொட்டி இருக்கிற பிக்கப் வண்டி) ஒண்ணு வாங்கியாச்சு. பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் பழைய கேரவனை, அதாவது வண்டிக்குப் பின்னால மாட்டி இழுக்கிற சக்கர வீட்டை, மலிவா தர்றேங்கிறார். டிசம்பர் லீவுக்கு அதை மாட்டிக்கிட்டு மனைவி, ரெண்டு பிள்ளைங்க, ஊர்ல இருந்து வந்திருக்கிற மாமியார் எல்லாரோடயும் டிராக்கன்ஸ்பர்க் மலைக்குப் போகலாமா? வண்டி 3500 கிலோ இழுக்கும்னு ஷோரூம்ல சொன்னாங்க, கேரவன் வெறும் 1500தானே, அப்புறம் என்ன பயம்? இதுதானே கேள்வி.

(ஊர்ல ஒருத்தரைப் பக்கின்னு சொன்னா சண்டைக்கு வருவாங்க. இங்க பக்கிதான் கௌரவமான வண்டி. பதினாறு வருஷமாச்சு, "பக்கியை எடுத்துட்டு கடைக்குப் போறேன்"னு நான் சொன்னா எங்கம்மா ஃபோன்ல இன்னும் சிரிக்கிறாங்க.)

இழுக்கிற சங்கதிக்கு முன்னாடி லைசென்ஸ். இங்க சாதாரண கார் லைசென்ஸ் கோட் பி. அதுல 750 கிலோ வரைக்கும்தான் ட்ரெய்லர் இழுக்கலாம். 750ன்னா நீங்க ஏத்தின சாமானோட எடை இல்ல. தகட்டுல ஜி.வி.எம்.னு போட்டிருக்குமே, முழுப் பாரத்தோட உச்ச எடை, அந்த எண். கேரவன் காலியா இருந்தாலும் அதுதான் கணக்கு. அதைத் தாண்டினா கோட் இ.பி. எடுக்கணும். கோட் 10 பெரிய லைசென்ஸ், லாரியே ஓட்டலாம், கேரவனுக்கு என்னன்னு இங்கேயே பிறந்து வளர்ந்தவங்ககூட சொல்லுவாங்க. அதுலயும் ட்ரெய்லருக்கு அதே 750தான். நம்ம ஊர் கார்டுல இ.பி.ன்னு ஒரு வகுப்பே கிடையாது. ரோட்டுல போலீஸ் கேட்காம விட்டுடலாம். ஏதாவது இடிச்சா இன்சூரன்ஸ்காரங்க முதல்ல கேட்கிறது அந்தக் கார்டைத்தான்.

இப்ப அந்த 3500. ஹைலக்ஸ், ரேஞ்சர், டி-மேக்ஸ் எதை எடுத்தாலும் பெரிய டீசல் இன்ஜின் வண்டிக்கு இதே எண்ணைத்தான் போட்டிருப்பாங்க. பொய் இல்ல. ஆனா அது பிரேக் உள்ள ட்ரெய்லருக்கு. அதோட வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்து இவ்வளவுதான்னு இன்னொரு வரம்பு இருக்கு. பக்கியில ஆளும் சாமானும் நிரப்பிட்டா 3500ஐ முழுசா இழுக்க அந்த வரம்பு இடம் கொடுக்காது. உங்க 1500க்கு இது பிரச்சினை இல்லதான். இழுக்கிற சக்தியைப் பத்தி நீங்க கவலைப்படவே வேண்டாம். டர்போ டீசல்ங்கிறதால மலையேறினாலும் மூச்சு வாங்காது. டர்போ இல்லாத பெட்ரோல் வண்டியா இருந்தா நூறு மீட்டர் ஏறினா சக்தியில ஒரு சதவீதம் போயிடும், 1750 மீட்டர்ல இருக்கிற ஜோஹன்னஸ்பர்க்குக்கு அதுல கேரவன் இழுத்துட்டுப் போறவங்களைப் பார்த்தா பாவமா இருக்கும்.

உங்களை மாட்டிவிடப் போறது பாரம் வைக்கிற முறை. எங்க தாத்தா மாட்டு வண்டி ஓட்டினவர். கரும்போ நெல்லோ ஏத்தும்போது முன்பாரம் பின்பாரம் பார்த்துத்தான் மூட்டையை அடுக்குவார். முன்பாரம் கூடினா நுகத்தடி மாட்டுக் கழுத்தை அழுத்தும். பின்பாரம் கூடினா நுகம் மேல தூக்கி, பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். ஒத்தை அச்சு கேரவனும் அதே மாட்டு வண்டிதான். உங்க பக்கிதான் மாடு.

இதைத் தெரிஞ்சே நான் கோட்டை விட்டேன். முதல் பயணம், டிராக்கன்ஸ்பர்க்ல இருக்கிற மஹாய் கேம்ப். போகும்போது அரிசி, பருப்பு, தண்ணி கேன், கேஸ் சிலிண்டர் எல்லாம் கேரவன் முன்பக்கம். ஆடாம அசையாம போய்ச் சேர்ந்தோம். நாலு நாள் சாப்பிட்டு முன்பக்கம் காலி. திரும்பற அன்னைக்குக் காலையில மழை. நனைஞ்ச டென்ட், மிச்ச விறகு, ப்ராய் சட்டம் (கறி சுடற கம்பி வலை) எல்லாத்தையும் பின் கதவு வழியா அவசரமா திணிச்சேன். ஹில்டன் ஊரைத் தாண்டி டவுன் ஹில்ங்கிற மலை இறக்கம், ஒரு லாரி வேகமா முந்திச்சு. அந்தக் காத்துல கேரவன் ஒரு ஆட்டம் ஆடுச்சு. அடுத்தது பெருசு. அதுக்கடுத்தது பக்கியோட பின்சக்கரத்தையே பக்கவாட்டுல இழுத்துச்சு. கால் தானா பிரேக்குக்குப் போச்சு. என் மனைவிதான் "மிதிக்காதீங்க"ன்னு கத்தினா. எப்படித் தெரிஞ்சுதுன்னு இன்னைக்கு வரைக்கும் சொல்ல மாட்டேங்கிறா. ஆக்சிலரேட்டரை விட்டு, ஸ்டீயரிங்கை நேரா பிடிச்சுக்கிட்டேன், அடங்கிடுச்சு. ஆட்டம் வந்தா ஸ்டீயரிங்கை ஒடிச்சு சரி பண்ணப் பார்க்காதீங்க, அது ஆட்டத்தைக் கூட்டத்தான் செய்யும்.

அதனால பக்கியோட கொக்கியில எவ்வளவு கேரவன் பாரம் அமருதுன்னு கிளம்பும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை பாருங்க. குளியலறைத் தராசு போதும். சம தரையில சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கொக்கியில இருக்கிற பந்து உயரத்துக்கு ஒரு மரக்கட்டையை வெட்டித் தராசு மேல நிறுத்தி, கேரவன் மூக்கை அதுல உட்கார வெச்சு மூக்கைத் தாங்கற ஜாக்கி சக்கரத்தைத் தூக்கிட்டா எண் தெரியும். அமெரிக்க வீடியோவுல கேரவன் எடையில 10 முதல் 15 சதவீதத்தைக் கொக்கியில வைக்கச் சொல்லுவாங்க. அப்படின்னா உங்களுக்கு 150 கிலோவுக்குக் குறையாது. என் கேரவன் கப்ளர் (பந்து மேல மாட்டற மூக்கு) தகட்டுல 100தான் உச்சம்னு போட்டிருக்கு. கப்ளர், டோபார் (பக்கியில கொக்கியைத் தாங்கற கம்பி) ரெண்டு தகட்டுல எது குறைவோ அதைத் தாண்டாதீங்க, அதுக்கு ரொம்பக் கீழேயும் போகாதீங்க. அந்த எடை பக்கி சுமக்கிற கணக்குல சேரும்ங்கிறதையும் மறந்துடாதீங்க.

இறக்கத்துல கியரைக் குறைச்சு இன்ஜினை வெச்சே பிடிங்க. கேரவன்ல இருக்கிறது ஓவர்ரன் பிரேக், பக்கி வேகம் குறையும்போது பின்னாலிருந்து தள்ளற அழுத்தத்துல பிடிக்கிறது. மலை முழுக்க மிதிச்சுக்கிட்டே வந்தா சூடேறி, தேவைப்படும்போது பிடிக்காது. போர்டுல 120ன்னு இருந்தா இருக்கட்டும். நான் 90ஐத் தாண்டறதில்ல. டீசல் 100 கிலோமீட்டருக்கு 9 லிட்டர் குடிச்ச வண்டி 14 குடிக்கும், மனசைத் தேத்திக்குங்க.

ரிவர்ஸ் எடுக்கிறது எல்லாருக்கும் அவமானம் தர்ற வித்தை. ஸ்டீயரிங்கோட அடிப்பக்கத்தைப் பிடிங்க, கேரவன் பின்புறம் எந்தப் பக்கம் போகணுமோ கையை அந்தப் பக்கம் நகர்த்துங்க. ஞாயித்துக்கிழமை காலியான பார்க்கிங்ல பழகுங்க. இ.பி. டெஸ்ட்லயும் ரிவர்ஸ்தான் பாதிப் பேரைக் கவுக்கும்.

இந்த டிசம்பருக்கு வேண்டாம் தம்பி. டெஸ்ட் தேதி கிடைக்கணும், பழகணும், லீவுக் கூட்டத்துல என்3 நெடுஞ்சாலை லாரியும் காருமா பிதுங்கும். 750க்கு உட்பட்ட ஒரு சாமான் ட்ரெய்லரை வாடகைக்கு எடுத்து டென்ட் போட்டுத் தூங்குங்க. மாமியார் டென்ட்ல படுக்க மாட்டாங்கன்னா டிராக்கன்ஸ்பர்க்லயே தெண்டெலே கேம்ப்ல வீடு மாதிரியே அறைகள் இருக்கு, இடம் இருக்கான்னு இன்னைக்கே கேளுங்க. கேரவன் ஈஸ்டருக்கு.

வாங்கறதா முடிவு பண்ணினா, பேர் மாத்த ரோட்டுல ஓடத் தகுதியானதுன்னு சொல்ற ரோட்வொர்த்தி சான்றிதழ் வேணும், அதை விக்கிறவரே எடுத்துத் தரட்டும்னு பேசிக்குங்க. டயர்ல பட்டன் நல்லா இருக்கேன்னு ஏமாந்துடாதீங்க, வருஷக்கணக்கா நிழல்ல நின்ன கேரவன்ல பட்டன் தேயாது, ரப்பர்தான் செத்துப்போகும். பக்கவாட்டுல நாலு இலக்க எண் இருக்கும். 1016ன்னா 2016ஆம் வருஷம் பத்தாவது வாரம் செஞ்சது. பெரியவரோட கேரவன்ல என்ன எண் இருக்குன்னு பார்த்துட்டு எழுதுங்க, விலையை அப்புறம் பேசலாம்.