தாது வருஷத்தில் வந்தவர்கள்

அன்புள்ள ஐயா,

எங்கள் பூர்வீகம் பெருந்துறைப் பக்கம் ஒரு கிராமம். அப்பாருவின் (அப்பாவின் அப்பா) தாத்தா தாது வருஷப் பஞ்சத்தில் தெற்கேயிருந்து குடும்பத்தோடு வந்து, ஆளரவமே இல்லாத காட்டைத் திருத்திக் கிணறு வெட்டித் தோட்டமாக்கினார் என்று வீட்டில் சொல்வார்கள். கிணறு இன்னும் இருக்கிறது. நிலத்தில் ஒரு பகுதி கீழ்பவானி வாய்க்காலுக்குப் போய்விட்டது. இதையெல்லாம் ஆதாரத்தோடு எழுதிவைக்க ஆசை. எங்கே தொடங்கலாம்?

ச.

அன்புள்ள ச.,

பஞ்சத்திலிருந்து தொடங்காதீர்கள். இன்றைக்குக் கையில் இருக்கிற பட்டாவிலிருந்து பின்னால் போங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் ஊர் நிலங்களின் விவரம் அடங்கிய 'அ' பதிவேடு இருக்கும், அதில் உங்கள் புல எண்ணுக்குப் பழைய எண் என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். என்ற நில ஆவணப் புதுப்பிப்புப் பணியில் பல இடங்களில் உட்பிரிவுகளும் பெயர்களும் மாறிவிட்டன, அதனால் பழைய எண் இல்லாமல் ஒரு அடி நகர முடியாது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு நிலவரி நிர்ணயம் செய்தபோது எழுதிய பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டைத் தேட வேண்டும். மாவட்டப் பதிவறையில் கிடைக்கலாம், இல்லையென்றால் சென்னை எழும்பூரில் உள்ள ஆவணக் காப்பகம். கேட்கும்போது கோயமுத்தூர் ஜில்லா என்று கேளுங்கள். உங்கள் பக்கம் ஈரோடு என்று தனி மாவட்டமாகப் பிரிந்ததே 1979-ல்தான்.

அப்புறம் மூலப்பத்திரம். அதில் எல்லோரும் விலையையும் பெயரையும் மட்டும் பார்க்கிறார்கள். நீங்கள் செக்குபந்தியை, அதாவது நான்கு எல்லை விவரத்தைப் படியுங்கள். இன்னார் காட்டுக்குக் கிழக்கு, இன்ன ஊருக்குப் போகும் இட்டேரிக்கு (இரு வேலிகளுக்கு நடுவே போகும் தடம்) தெற்கு, இன்னார் கிணற்று மேட்டுக்கு வடக்கு என்று எழுதியிருக்கும். நான்கு பக்கமும் யார் இருந்தார்கள் என்பது அதிலேயே வந்துவிடும், இட்டேரி இன்னும் இருந்தால் கிளுவை வேலியை ஒட்டி நடந்தே அந்த நிலத்தை அடையாளம் கண்டுவிடலாம். தேதி பசலியில், அதாவது வருவாய்த்துறைக் கணக்கு ஆண்டில் இருந்தால் 590 கூட்டிக்கொள்ளுங்கள். பசலி 1295 என்றால் 1885 ஜூலை முதல் 1886 ஜூன் வரை. வெறும் தமிழ் வருஷப் பெயர் மட்டும் இருந்தால் கவனம் தேவை, அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். 1876-77 தாது, 1936-37-ம் தாதுதான். பஞ்சத்துத் தாது 1876-77தான் என்பதில் யாருக்கும் குழப்பமில்லை, ஆனால் ஒரு பத்திரத்தில் 'தாது வருஷம் தை மாதம்' என்று பார்த்தவுடனே பஞ்ச காலம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

வாய்க்காலுக்கு நிலம் போனது உங்களுக்கு நஷ்டம்தான், ஆனால் தேடலுக்கு அது பெரிய உதவி. கீழ்பவானித் திட்ட வேலை 1948-ல் தொடங்கியது. நிலம் எடுக்கும்போது சர்க்கார் கெஜட்டில் அறிவிப்பு வெளியிட்டாக வேண்டும். புல எண், பரப்பு, பட்டாதார் பெயர் எல்லாம் அதில் வரும். நூலகத்தில் உட்கார்ந்து அந்த வருஷங்களின் கெஜட் தொகுதிகளைப் புரட்டினால் உங்கள் அப்பாருவின் பெயர் அச்சில் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு.

கிணற்றுக்கு வருவோம். கோடையில் தண்ணீர் இறங்கியதும் உள்ளே கல்கட்டில் எழுத்து ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள், மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்த வாரியில் கயிறு அறுத்த கல்லையும் படம் எடுத்துவையுங்கள். கிணறு வெட்ட தக்காவி என்ற சர்க்கார் விவசாயக் கடன் வாங்கியிருந்தால் அதற்கும் தாள் இருக்கும். நில அபிவிருத்திக் கடன் சட்டம் 1883-ல் வந்தது.

சரி, இனி முக்கியமான விஷயம். 'ஆளரவமே இல்லாத காடு' என்ற இடத்தில் எனக்குச் சம்மதம் இல்லை. உங்கள் முன்னோர் உழைக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் 1871 கணக்கெடுப்பைவிட 1881-ல் கோயமுத்தூர் ஜில்லாவின் ஜனத்தொகை குறைவு. அத்தனை பேர் செத்திருக்கிறார்கள், ஊரைவிட்டுப் போயிருக்கிறார்கள். வரி கட்ட முடியாமல் பட்டாவை ராஜினாமா செய்து சர்க்காருக்கே விட்டுக்கொடுத்தவர்களின் நிலம் தரிசாகக் கிடந்தது, மழை திரும்பியதும் வெளியூரிலிருந்து வந்தவர்கள் தர்க்காஸ்து (நிலம் கேட்டு விண்ணப்பம்) போட்டு அதை வாங்கினார்கள். இரண்டு மூன்று வருஷம் உழாத மானாவாரி நிலத்தில் வேலாமுள்ளும் புதரும் மண்டிவிட்டால் வந்தவர் கண்ணுக்கு அது காடுதான். அதற்கு முந்தின வருஷங்களில் அங்கே யாரோ கம்பும் கொள்ளும் விதைத்திருப்பார்கள். நொய்யல் கரையில் கொடுமணல் உங்களுக்கு எவ்வளவு பக்கம்! ஈராயிரம் வருஷத்துக்கு முன்பே இரும்பு உருக்கி, மணி பட்டை தீட்டிய ஊர் அது. அப்படிப்பட்ட வட்டாரத்தில் யார் கையும் படாத மண் என்று சொல்ல ரொம்ப யோசிக்க வேண்டும். செட்டில்மெண்ட் பதிவேட்டில் உங்கள் புல எண்ணுக்கு நேரே வேறு ஒருவர் பெயர் இருந்தால் ஏமாற்றம் வேண்டாம், அதையும் எழுதுங்கள். அந்தக் குடும்பம் என்ன ஆனது என்று ஒருவராவது கேட்க வேண்டாமா?

இன்னொன்று, பதிவேட்டில் பட்டாதார் பெயர்தான் இருக்கும். பாறையை உடைத்துக் கிணறு இறக்கியவர்கள், கவலைச் சாலுக்குத் தோல் தைத்துக் கொடுத்தவர்கள், பண்ணையத்தில் வருஷக் கூலிக்கு இருந்தவர்கள் யாருமே அதில் இல்லை. உங்கள் தோட்டத்தில் வேலை செய்த அருந்ததியர் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் அதே ஊரில்தான் இருப்பார்கள். அவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கேளுங்கள். உங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாத வயல் பெயர்களும், யார் காலத்தில் எந்தக் கிணறு என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

மணியகாரர் (ஊர்த் தலைவர்), கர்ணம் (கணக்குப்பிள்ளை) பதவிகள் 1980-ல் ஒழிந்தபோது சில ஊர்களில் பழைய கணக்குகள் அவர்கள் வீட்டுப் பெட்டியிலேயே தங்கிவிட்டன. உங்கள் ஊர்க் கர்ணத்தின் வாரிசுகள் எங்கே என்று விசாரியுங்கள், கறையான் தின்பதற்குள். செக்குபந்திப் பக்கம் மட்டும் படம் எடுத்து அனுப்பினால் போதும், கையெழுத்து புரியாவிட்டால் படித்துச் சொல்கிறேன்.