நெக்கைப் பார்த்து வாங்குங்கள்: வீட்டில் எலெக்ட்ரிக் கிட்டார் செய்ய விரும்புவோருக்கு

கேள்வி: எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றை நானே செய்து பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. இருபதாயிரம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். எல்லாப் பாகங்களும் அடங்கிய கிட் வாங்குவதா, பாகங்களைத் தனித்தனியே வாங்கிச் சேர்ப்பதா, அல்லது மரக்கடையில் தேக்குப் பலகை வாங்கி அடியிலிருந்தே தொடங்குவதா? கடையில் வாங்குவதைவிட மலிவாக முடியுமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: மலிவாக முடியாது, அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கிட்டின் விலைக்குமேல் உப்புத்தாள், மரத்துளைகளை அடைக்கும் சீலர், லாக்கர், தின்னர், சால்டரிங் அயர்ன், ஃப்ரெட்டுகளைச் (விரல் படும் பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) சமன் செய்யும் அரம், நல்ல தந்திகள் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்த பிறகு கணக்குப் பார்த்தால், அதே தொகைக்குக் கடையில் கிடைக்கும் தொழிற்சாலைக் கிட்டார் பெரும்பாலும் இதைவிடச் சீராகவே இருக்கும். செய்து பார்க்கும் ஆசைக்காக என்றால் தாராளமாகச் செய்யுங்கள். மிச்சம் பிடிப்பதற்காக என்றால் வேண்டாம்.

முதல் முயற்சிக்கு டெலிகாஸ்டர் வடிவமே ஏற்றது. லியோ ஃபெண்டரின் நிறுவனம் 1950இல் பிராட்காஸ்டர் என்ற பெயரில் விற்று, மறு ஆண்டே பெயர் மாற்றிய இந்தக் கிட்டாரில் உடல் ஒரு தட்டையான பலகை. நெக், அதாவது கையால் பிடிக்கும் நீண்ட கழுத்துப் பகுதி, நான்கு திருகுகளால் அதில் பொருத்தப்படுகிறது. நெக்கின் கோணம் சற்றுத் தவறினாலும் திருகுகளைக் கழற்றி, அடியில் மெல்லிய தகடு ஒன்றை வைத்துச் சரிசெய்துவிடலாம். கிப்சன் நிறுவனத்தின் லெஸ் பால் வகையிலோ நெக் சற்றே பின்சாய்ந்த நிலையில் பசையால் ஒட்டப்படுகிறது. ஒட்டிய பின் தெரியவரும் தவறுக்கு வீட்டில் பரிகாரம் கிடையாது.

பணத்தின் பெரும்பகுதி நெக்குக்குப் போகட்டும். ஃபெண்டர் வகைக் கிட்டாரின் தந்தி நீளம் 25.5 அங்குலம், அதாவது 647.7 மில்லிமீட்டர். நட்டிலிருந்து (நெக்கின் தலைமுனையில் தந்திகள் அமரும் பள்ளமிட்ட துண்டு) முதல் ஃப்ரெட் 36.35 மில்லிமீட்டரிலும் பன்னிரண்டாம் ஃப்ரெட் சரிபாதியான 323.85 மில்லிமீட்டரிலும் அமைய வேண்டும். இடையில் உள்ளவை ஒரே விகிதத்தில் குறுகிக்கொண்டே வரும். இதில் பிசகினால் சுருதி விலகும். ஃப்ரெட் பதிக்கும் பள்ளங்கள், நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே ஓடும் ட்ரஸ் ராட் என்ற கம்பி, விரல் படும் பலகையின் மெல்லிய வளைவு ஆகிய மூன்றும் தனிக் கருவிகளும் தேர்ந்த கையும் கேட்பவை. ஆகவே செய்து முடித்த நல்ல நெக் ஒன்றையும் எளிய உடல் ஒன்றையும் தனித்தனியே வாங்குவது என் பரிந்துரை. நெக்கின் அடிப்பகுதியும் அது அமரும் குழியும் ஒரே அளவா என்று இரு விற்பனையாளர்களிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். தனித்தனியே வாங்குவது கைக்கெட்டாவிட்டால் கிட் வாங்கலாம். மலிவான கிட்டில் தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பும் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பொட்டென்ஷியோமீட்டரும் சுமாராகத்தான் இருக்கும். அதற்காகக் கவலை வேண்டாம். அவற்றைப் பின்னர் ஒரு மாலைப் பொழுதில் மாற்றிவிடலாம், மோசமான நெக்கைச் சரிசெய்வது அவ்வளவு எளிதல்ல.

தேக்கு வேண்டாம் என்பதற்குக் காரணம் எடை. 45 மில்லிமீட்டர் கனமுள்ள உடலைக் கிட்டார்களுக்கு வழக்கமான ஆல்டர் மரத்தில் செய்தால் ஏறக்குறைய 1.8 கிலோ வரும். தேக்கில் இரண்டரைக் கிலோவைத் தாண்டும். இரண்டு மணி நேரம் தோளில் மாட்டி நின்றால் அந்த முக்கால் கிலோ என்னவென்று தெரியும். தேக்கின் எண்ணெய்ப் பசையால் ஒட்டுவதும் லாக்கர் பிடிப்பதும் சிரமம். அதைவிடப் பெரிய சிக்கல், சரியாக உலராத பலகை சில மாதங்களில் முறுக்கிக்கொள்வது.

பிரிட்டிஷ் ராக் குழுவான குயீனின் கிட்டார் கலைஞர் பிரையன் மே தம் தந்தையுடன் 1963இல் வீட்டிலேயே செய்யத் தொடங்கிய கிட்டாரைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். பழைய கணப்படுப்பின் மரச்சட்டம் நெக் ஆனது. மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள் சுருதியை அசைக்கும் நெம்புகோல் அமைப்பான ட்ரெமோலோவுக்குப் போயின. உண்மைதான். ஆனால் அந்த வேலை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நடந்தது. தாமே சுற்றிய பிக்கப்புகள் திருப்தி தராததால் அவரும் கடைசியில் பர்ன்ஸ் நிறுவனத்தின் பிக்கப்புகளை விலைக்குத்தான் வாங்கினார்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய கிட்டுக்கு மூன்று வாரம் செலவழித்து வண்ணம் பூசி முடித்தேன். தந்தி மாட்டியபோதுதான் பிரிட்ஜின் (உடலில் தந்திகளைத் தாங்கும் பாகம்) துளைகள் ஒரு பக்கமாக விலகியிருப்பது தெரிந்தது. மெல்லிய தந்தி ஃப்ரெட்டின் விளிம்பிலிருந்து வழுக்கி விழுகிறது. வண்ணம் பூசிவிட்டதால் திரும்பப் பெற முடியாது என்கிறார் விற்பனையாளர். என்ன செய்யலாம்? (வாசகர், திருச்சிராப்பள்ளி)

பதில்: முதலில் பணம் செலவாகாத வழி ஒன்றைப் பாருங்கள். நெக்கின் நான்கு திருகுகளையும் சிறிது தளர்த்தி, தந்திகளின் இழுப்பு இருக்கும்போதே நெக்கைத் தேவையான பக்கம் மெதுவாகத் தள்ளி மறுபடி இறுக்குங்கள். ஓரிரு மில்லிமீட்டர் விலகல் இதிலேயே சரியாகிவிடுவதுண்டு. சரியாகாவிட்டால், பிரிட்ஜின் பழைய திருகுத் துளைகளில் மரக்குச்சி வைத்து ஒட்டி அடைத்து, புதிய இடத்தில் துளையிட வேண்டும்; உங்கள் ஊர்த் தச்சருக்கு இது சிறு வேலை. பிரிட்ஜ் தகடு பழைய துளைகளை மறைத்துவிடும்.

சட்டப்படி உங்கள் பக்கம் வலுவானதே. பொருள் குறைபாடுடையதாகவோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாமலோ இருந்தால், அதைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பனையாளர் மறுக்கக்கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் கூறுகின்றன. விற்பனைத் தளத்தின் குறை தீர்க்கும் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். இதைக் குறிப்பிட்டு எழுத்தில் அனுப்புங்கள். பயனில்லையெனில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதன் பின்னும் தீராவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வழக்குக்குக் கட்டணம் இல்லை. வெளிநாட்டு விற்பனையாளர் என்றால் இவ்வளவும் நடைமுறையில் கடினம். பணம் செலுத்திய கார்டின் வங்கியிடம் உடனே முறையிடுவதே பலன் தரும்.

ஆனால் துளை முதலிலேயே விலகியிருந்ததா, நீங்கள் வேலை செய்தபோது விலகியதா என்ற கேள்வியை விற்பனையாளர் எழுப்பத்தான் செய்வார். அதனால்தான் கிட் வாங்கும் எல்லோரிடமும் நான் வற்புறுத்துவது ஒன்று: உப்புத்தாள் மரத்தில் படுவதற்கு முன்பே முழுக் கிட்டாரையும் ஒரு முறை பூட்டித் தந்தி மாட்டிப் பாருங்கள். பெட்டியைப் பிரிப்பதைக் காணொளியாக எடுங்கள். நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை இரு ஓரங்களிலும் நூல் இழுத்துப் பிடித்து, நெக்கின் விளிம்புக்கும் நூலுக்கும் இடைவெளி இரு பக்கமும் ஒன்றா என்று பாருங்கள். நட்டிலிருந்து பன்னிரண்டாம் ஃப்ரெட் வரை அளந்து இரட்டித்தால் வரும் புள்ளி, பிரிட்ஜில் தந்திகள் அமரும் சாடில்கள் முன்னும் பின்னும் நகரும் எல்லைக்குள் விழ வேண்டும். சிறிய எஃகு அளவுகோலை மூன்று மூன்று ஃப்ரெட்டுகளின்மேல் நிறுத்திப் பாருங்கள். ஆடினால் நடு ஃப்ரெட் உயர்ந்திருக்கிறது. ஏதேனும் ஒன்று தவறினாலும் அன்றே திருப்பி அனுப்புங்கள்.

கேள்வி: பூச்சுக்கு நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரா, பாலியூரித்தேனா, எண்ணெயா? அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். (வாசகி, சென்னை)

பதில்: உங்கள் சூழ்நிலையில் எண்ணெய்தான். டங் எண்ணெயையோ டேனிஷ் எண்ணெயையோ துணியால் மெல்லியதாகத் தேய்த்து, பதினைந்து நிமிடம் கழித்து மிச்சத்தைத் துடைத்து, நாளுக்கு ஒரு பூச்சாக ஐந்தாறு நாள் செய்தால் போதும். தேய்த்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். இத்தகைய எண்ணெய் காயும்போது வெப்பம் உண்டாகி, சுருட்டிய துணி தானே தீப்பற்றக்கூடும். விரித்துக் காயவைத்த பின்னரே எறியுங்கள். கிட்டின் உடலுக்குத் தொழிற்சாலையிலேயே சீலர் பூசப்பட்டிருந்தால் எண்ணெய் உள்ளிறங்காது என்பதால், வாங்கும்போதே சீலர் இல்லாத உடலா என்று கேளுங்கள். அழகிய வரியோடிய மேப்பிள் முகப்பு என்று விளம்பரப்படுத்தப்படுவது பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் கனம் கூட இல்லாத வெனியர், அதாவது மேலே ஒட்டிய மெல்லிய மரத்தாள். அழுத்தித் தேய்த்தால் அடிமரம் வெளிப்பட்டுவிடும்.

நைட்ரோ லாக்கர் அழகானது, பழுதுபார்க்கவும் எளிது. ஒவ்வொரு பூச்சும் முந்தைய பூச்சைக் கரைத்து அதனோடு ஒன்றாகிவிடும். ஆனால் புகையும் தீ அபாயமும் அதிகம். மூன்று நான்கு வாரம் காயவிட்ட பின்தான் நீர் தொட்டுத் தேய்த்து மெருகேற்ற முடியும். வடகிழக்குப் பருவமழை நாட்களில் பூசினால், கரைப்பான் ஆவியாகும் குளிர்ச்சியில் காற்றின் ஈரம் மேற்பரப்பில் படிந்து பூச்சு பால்போல் வெளுத்துவிடும். பாலியூரித்தேனில் இரண்டு டப்பாக்களைக் கலந்து அடிக்கும் வகையில் ஐசோசயனேட் என்ற நச்சு வேதிப்பொருள் இருப்பதால் அதை வீட்டில் அறவே தவிருங்கள். சாதாரணத் துணி முகக்கவசம் அதற்குப் பாதுகாப்பல்ல. பளபளப்பு வேண்டுமென்றால் ஸ்பிரே அறை வைத்திருக்கும் பாலிஷ் வேலைக்காரரிடமோ கார் பெயின்ட் பட்டறையிலோ உடலை மட்டும் கொடுங்கள். நெக் அமரும் குழியை டேப் ஒட்டி மறைத்துக் கொடுப்பது உங்கள் பொறுப்பு. அங்கே பூச்சு ஏறினால் நெக் உள்ளே இறங்காது.

கேள்வி: முடித்த கிட்டாரின் தலைப்பகுதியில் ஃபெண்டர் பெயருள்ள ஸ்டிக்கர் ஒட்டலாமா? பின்னர் விற்கும்போது நல்ல விலை கிடைக்கும் என்கிறார் நண்பர். (வாசகர், மதுரை)

பதில்: ஒட்ட வேண்டாம். பதிவு செய்யப்பட்ட வணிகச் சின்னத்தை உங்கள் கைவேலையில் ஒட்டி விற்பது போலிப் பொருள் விற்பனை. வாங்கியவர் உங்கள்மீது புகார் செய்யலாம். அந்தத் தலையின் வடிவத்துக்கே ஃபெண்டர் நிறுவனம் உரிமை கொண்டாடுகிறது. அதனால் பல கிட்டுகளில் தலைப்பகுதி வெட்டப்படாத துடுப்புப் பலகையாகவே வருகிறது. அதில் உங்கள் சொந்த வடிவத்தை வரைந்து, முதலில் அட்டையில் வெட்டி வைத்துப் பார்த்துவிட்டு மரத்தில் அறுங்கள்.