உறைக்குள் ஈமோகுளோபின்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஈமோகுளோபினை நுண்ணிய உறைகளில் அடைத்துச் செயற்கை ரத்தம் தயாரிக்கிறார்கள் என்று படித்தேன். ஆக்சிஜனைச் சுமப்பது ஈமோகுளோபின்தான் என்றால், அதைப் பிரித்தெடுத்து நேரடியாகவே உடலில் ஏற்றிவிடலாமே? உறை எதற்கு? (கல்லூரி மாணவி, ஈரோடு)

பதில்: அப்படித்தான் பலரும் நினைத்தார்கள், நினைத்ததோடு நிற்காமல் நோயாளிகளுக்கு ஏற்றியும் பார்த்தார்கள். ஆனால் சிவப்பணுவுக்குள் இருக்கும்வரை உயிர் காக்கும் ஈமோகுளோபின், அதை விட்டு வெளியே வந்ததும் தொல்லை தரத் தொடங்கிவிடுகிறது. நான்கு சங்கிலிகள் சேர்ந்த அதன் மூலக்கூறு இரண்டிரண்டாகப் பிரிந்து, சிறுநீரகத்தின் வடிகட்டிகளுக்குள் நுழைந்து அவற்றைச் சேதப்படுத்துகிறது. சிவப்பணுவுக்குள் அதற்குத் துணையாக இருக்கும் 2,3-டிபிஜி என்ற பாஸ்பேட் சேர்மம் வெளியே கிடைக்காததால், பிடித்த ஆக்சிஜனைத் திசுக்களுக்கு எளிதில் விட்டுக்கொடுப்பதும் இல்லை. இந்த இரண்டு குறைகளையும், மூலக்கூறின் பகுதிகளை வேதிப்பிணைப்பால் ஒன்றோடொன்று கட்டிப்போட்டுப் பெருமளவு சரிசெய்ய முடிந்தது. மூன்றாவது குறைதான் பெரிது. ரத்தக்குழாயின் உட்சுவரில் சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடு அக்குழாயைத் தளர்வாக வைத்திருக்கிறது. உறையற்ற ஈமோகுளோபின் அந்த வாயுவை அங்கேயே பிடித்து அழித்துவிடுவதால் குழாய் சுருங்கி, ரத்த அழுத்தம் ஏறிவிடுகிறது.

இதில் வியப்பு என்னவென்றால், உறை என்ற யோசனைதான் காலத்தால் முந்தியது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவராக இருந்த தாமஸ் சாங், 1957-இலேயே தம் விடுதி அறையில் ஈமோகுளோபினை மெல்லிய செயற்கைப் படலத்துக்குள் அடைத்துக் காட்டினார். நுண்ணுறைகள் பற்றிய அவருடைய கட்டுரை 1964-இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. ஆனால் அந்த உறைகளை உடல் அந்நியப் பொருளாக அடையாளம் கண்டு ரத்த ஓட்டத்திலிருந்து விரைவில் அகற்றிவிட்டது. எய்ட்ஸ் அச்சத்தால் 1980-களில் ரத்தத்துக்கு மாற்றுத் தேடும் அவசரம் கூடியபோது, மருந்து நிறுவனங்கள் தயாரிக்க எளிதான உறையற்ற வழியையே தேர்ந்தெடுத்தன. அதற்குக் கொடுத்த விலை உயிர்களாக இருந்தது. ஹெம்அசிஸ்ட் என்ற தயாரிப்பை விபத்தில் படுகாயமடைந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வில், அதைப் பெற்றவர்களில் 46 விழுக்காட்டினரும் உப்புக்கரைசல் பெற்றவர்களில் 17 விழுக்காட்டினரும் 28 நாட்களுக்குள் இறந்தனர். ஆய்வு 1998-இல் நிறுத்தப்பட்டது. இத்தகைய பல தயாரிப்புகளின் 16 ஆய்வுகளைச் சேர்த்து 2008-இல் ஆராய்ந்தபோதும், மாரடைப்பும் மரணமும் கூடியிருந்ததே தெரிந்தது. இயற்கை ஈமோகுளோபினை உறையில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது என்பதை முதலிலேயே மதித்திருக்கலாம் என்பது என் கருத்து.

கேள்வி: இந்த உறைகளை மனிதர்களுக்கு ஏற்றிப் பார்த்திருக்கிறார்களா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: ஜப்பானில் பார்த்திருக்கிறார்கள். வசேடா பல்கலைக்கழகத்தில் எய்ஷுன் சுசிதா தொடங்கிய பணியை நாரா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் ஹிரோமி சகாய் தொடர்கிறார். அவர்களுடைய உறை கொழுப்புப் படலத்தால் ஆனது. அதன் விட்டம் சுமார் 250 நானோமீட்டர். அதாவது 7 அல்லது 8 மைக்ரான் அளவுள்ள சிவப்பணுவில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. உடல் உடனே அகற்றிவிடாதபடி அதன் மேற்பரப்பில் பாலிஎத்திலீன் கிளைக்கால் இழைகள் பொருத்தப்படுகின்றன. தயாரிப்பின்போது ஈமோகுளோபினைக் கார்பன் மோனாக்சைடுடன் இணைத்துவிடுகிறார்கள். கேட்கவே அச்சமூட்டும் அந்த வாயுதான், வைரஸை அழிப்பதற்காக 60 டிகிரி செல்சியஸில் சூடாக்கும்போது ஈமோகுளோபின் கெடாமல் காக்கிறது. பிறகு ஒளியும் ஆக்சிஜனும் செலுத்தி அவ்வாயுவை நீக்கிவிடுகிறார்கள். ஆரோக்கியமான 12 ஆண்களுக்கு 10 மில்லிலிட்டர் முதல் 100 மில்லிலிட்டர் வரை ஏற்றிய முதற்கட்ட ஆய்வின் முடிவுகள் 2022-இல் வெளிவந்தன. சிலருக்குக் காய்ச்சல், தோல் தடிப்பு போன்ற லேசான விளைவுகள் தோன்றி மறைந்தன; அஞ்சப்பட்ட ரத்த அழுத்த உயர்வு குறிப்பிடத்தக்க அளவில் காணப்படவில்லை. எனினும் 100 மில்லிலிட்டர் என்பது, அரை லிட்டரோ ஒரு லிட்டரோ அதற்கு மேலோ ரத்தம் இழந்தவருக்குப் போதும் அளவன்று. பெரிய அளவில் ஏற்றினாலும் கல்லீரலும் மண்ணீரலும் தாங்குமா என்பதே அடுத்துத் தெரிய வேண்டியது.

கேள்வி: இது வந்துவிட்டால் ரத்ததானம் தேவைப்படாதா? ரத்த வகை பார்க்க வேண்டுமா? (ரத்ததான முகாம் அமைப்பாளர், மதுரை)

பதில்: சிவப்பணுவின் மேற்பரப்பில் உள்ள வகை அடையாளங்கள் இந்த உறையில் இல்லாததால், வகை பார்க்க வேண்டியதில்லை. ரத்த வங்கியில் குளிரூட்டி வைத்தும் 42 நாட்களே தாங்கும் சிவப்பணுக்களைப் போலன்றி, இது அறை வெப்பநிலையிலேயே இரண்டு ஆண்டுகள் வரை கெடாமலிருக்கும். ஆகவே ஆம்புலன்சிலும் தீவுகளிலும் இதற்குப் பயன் உண்டு. ஆனால் ஏற்றப்பட்ட உறைகள் சில நாட்களே உடலில் தங்குகின்றன. நம் சிவப்பணு 120 நாட்கள் வாழ்கிறது. ஆகவே மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்கும்வரை உயிரைப் பிடித்துவைப்பதே இதன் வேலை. அதற்குப் பிறகு உண்மையான ரத்தமே வேண்டும். மேலும், ஜப்பானிய உறைகளுக்கான ஈமோகுளோபின் கொடையாளர்கள் தந்து காலாவதியான ரத்தத்திலிருந்துதான் பிரித்தெடுக்கப்படுகிறது. ஆகவே உங்கள் முகாம்களைத் தாராளமாக நடத்துங்கள்.