பானையை எப்போது கட்டுவது, எப்போது கழற்றுவது? ஃபின்ச் வளர்ப்போர் கேள்வி பதில்

கூண்டில் வளர்க்கும் சின்னப் பறவையான ஃபின்ச்சை வாங்கிய முதல் சில மாதங்களில் எழும் சந்தேகங்கள் பெரும்பாலும் முட்டையைச் சுற்றியே இருக்கின்றன. வடசென்னை வாசகர்கள் அனுப்பியவற்றில் அடிக்கடி வந்த கேள்விகள் இவை. வெறுமனே ஃபின்ச் என்று சொல்லும் இடமெல்லாம் ஜீப்ரா ஃபின்ச்தான். பெங்காலி ஃபின்ச் வேறுபடும் இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறோம். பானை என்பது பறவை கூடு வைத்து முட்டையிடக் கூண்டில் கட்டும் சின்னப் பானை.

கேள்வி: பிராட்வே ஞாயிற்றுக்கிழமை சந்தையில் ஜோடி என்று சொல்லி வெள்ளை ஃபின்ச் இரண்டு கொடுத்தார்கள். பானை கட்டியதும் முட்டை வந்தது. இப்போது உள்ளே 10 முட்டை இருக்கிறது. மூன்று வாரமாக அடைகாத்தும் ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. (புதுவண்ணாரப்பேட்டை)

இரண்டும் பெண்ணாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒரு பெண் ஒரு ஈட்டில், அதாவது ஒரு தடவைத் தொடராக இடும்போது, 4 முதல் 6 முட்டை இடும். நாளுக்கு ஒன்று, பெரும்பாலும் காலையில். எண்ணிக்கை எட்டு, பத்து என்று ஏறினால் இரண்டு பறவைகள் ஒரே பானையில் இடுகின்றன என்று சந்தேகப்பட வேண்டும். ஆண் இல்லாமலே பெண் முட்டையிடும். அத்தனையும் கூழ்முட்டைதான்.

சாம்பல் நிற ஃபின்ச்சில் குழப்பமே வராது. ஆணுக்குக் கன்னத்தில் ஆரஞ்சுத் திட்டு, தொண்டையில் மெல்லிய வரிகள், மார்பில் கறுப்புப் பட்டை, விலாவில் வெள்ளைப் புள்ளி வைத்த செம்பழுப்பு இருக்கும். பெண்ணுக்கு இவை எதுவும் கிடையாது. வெள்ளை ஃபின்ச்சில் இந்த அடையாளங்கள் மறைந்துவிடுவதால் அலகையும் குரலையும்தான் நம்ப வேண்டும். ஆணின் அலகு பவளச் சிவப்பு, பெண்ணின் அலகு வெளிறிய ஆரஞ்சு. இரண்டையும் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். பாடுவது ஆண் மட்டுமே: உடம்பை நிமிர்த்தி, ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப இழுக்கும். பெண் கூப்பிடும், பாடாது. பெங்காலி ஃபின்ச்சில் நிறமும் அலகும் உதவாது. பாட்டு ஒன்றுதான் அடையாளம். வாங்கும்போது கூண்டின் முன் பத்து நிமிடம் பொறுமையாக நின்று, பாடுகிற பறவையைக் காட்டிக் கேட்டு வாங்குங்கள்.

இப்போது அடையில் இருக்கும் முட்டைகளை அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். எடுத்தால் சில நாட்களிலேயே அடுத்த ஈட்டைத் தொடங்கிவிடும். பறவையின் உடம்பில் இருக்கும் சுண்ணாம்புச் சத்துதான் கரையும். அவையே சலித்து எழுந்ததும் முட்டை, கூட்டுக்குப் போட்ட நார், பானை மூன்றையும் சேர்த்துக் கழற்றிவிடுங்கள். ஒரு பெண்ணைக் கொடுத்து ஆணை வாங்கி வந்தாலும் ஒரு மாதம் பானை வேண்டாம். இன்னொன்று: ஃபின்ச் மூன்று மாத வயதிலேயே முட்டையிடும். அதற்காக இட விடக் கூடாது. எட்டு, ஒன்பது மாதம் ஆகட்டும்.

கேள்வி: நார் போடப் போட உள்ளே கொண்டுபோகிறது. முட்டையை நாரால் மூடிவிட்டு அதன் மேலேயே மறுபடி முட்டை விட்டிருக்கிறது. ஏன்? (வியாசர்பாடி)

ஜீப்ரா ஃபின்ச் ஆணுக்குக் கூடு கட்டும் வேலை முடிவதே இல்லை. கூண்டில் நார் கிடக்கும்வரை எடுத்துச் சென்று அடுக்கிக்கொண்டே இருக்கும். கீழ் அடுக்கில் உள்ள முட்டை சூடு கிடைக்காமல் செத்துப்போகும். பெண் மேலே புதிதாக இடும். பார்ப்பவருக்குப் பறவைக்குப் புத்தி கெட்டுவிட்டது போலத் தெரியும்; உண்மையில் நாம்தான் நாரைக் கொட்டிக்கொண்டிருக்கிறோம்.

பானையில் பாதியளவு தேங்காய் நாரை நீங்களே அமுக்கி, நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி செய்து வையுங்கள். மீதிக்கு ஒரு கைப்பிடி நாரைக் கூண்டின் தரையில் போடுங்கள். முதல் முட்டையைப் பார்த்த அன்றே தரையில் மிச்சம் இருக்கும் நார், இறகு, காகிதம் எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிடுங்கள். நாரை 5 முதல் 7 செ.மீ. நீளத்துக்கு வெட்டிக்கொள்வது முக்கியம். நீள நாரும் தையல் நூலும் பஞ்சும் காலில் சுற்றி இறுகும். இரண்டே நாளில் விரல் கறுத்துவிடும்.

கேள்வி: முட்டையில் கரு இருக்கிறதா என்று எப்போது பார்க்கலாம்? (தண்டையார்பேட்டை)

ஃபின்ச் முதல் முட்டையிலிருந்தே உட்காராது. மூன்றாவது அல்லது நான்காவது முட்டைக்குப் பிறகுதான் ஒழுங்காக அடைகாக்கும், ஆணும் பெண்ணும் மாறி மாறி. அந்த நாளிலிருந்து 12 முதல் 14 நாளில் பொரிக்கும். மாதம் 1-ஆம் தேதி முதல் முட்டை வந்து, 4-ஆம் தேதி அடையில் உட்கார்ந்தால் 16 முதல் 18-க்குள் எதிர்பார்க்கலாம். பெங்காலி ஃபின்ச் இன்னும் ஓரிரு நாள் எடுத்துக்கொள்ளும்.

அடை தொடங்கிய ஆறாம் ஏழாம் நாளில், இரண்டும் தீனிக்கு வெளியே வந்திருக்கும் நேரம் பாருங்கள். இருட்டாக்கிய அறையில் சிறிய பேனா டார்ச்சை முட்டையின் பருத்த முனைக்கு அருகே பிடித்தால், கரு உள்ள முட்டையில் சிலந்தி வலை போலச் சிவப்பு நரம்புகள் விரிந்திருக்கும். கூழ்முட்டை மஞ்சளாக, வெறுமையாக ஒளிரும். முட்டை ஒரு கிராம் எடைதான். ஓடு விரல் அழுத்தத்தில் உடையும். முடிந்தவரை கையில் எடுக்காமலேயே பார்த்து, இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுங்கள். தினமும் பார்க்கும் ஆசை வேண்டாம்.

கேள்வி: மார்க்கெட்டில் மீன் வெட்டும் இடத்தில் கணவாய் ஓடு சும்மாவே கிடைக்கிறது. கடையில் விற்பதும் இதுதானா? (காசிமேடு)

இதேதான். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று விற்பதும் இதுதான். ஓட்டுக் கணவாயின் முதுகிலிருந்து வருவதை மட்டும் எடுங்கள். ஊசிக் கணவாய்க்குள் கண்ணாடி போல மெல்லிய தகடுதான் இருக்கும், அது உதவாது.

ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்டிவிட்டு, நல்ல தண்ணீரில் ஒரு வாரம் ஊறப் போடுங்கள். தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும், உப்பு இறங்க வேண்டுமே. பிறகு மூன்று நான்கு நாள் நல்ல வெயிலில் காயட்டும். உப்பு வாடையோ மீன் வாடையோ இருந்தால் இன்னும் ஆகவில்லை என்று பொருள். மென்மையான பக்கம் பறவையைப் பார்க்கும்படி கம்பியில் கட்டுங்கள். கெட்டியான பக்கத்தை ஃபின்ச் அலகால் சுரண்ட முடியாது. இதோடு கோழி முட்டை ஓட்டைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, காயவைத்து, ரவை போல நொறுக்கித் தனிக் கிண்ணத்தில் வைக்கலாம்.

சுண்ணாம்பு மட்டும் போதாது, அது உடம்பில் சேர வைட்டமின் டி3 வேண்டும். காலை வெயில் அரை மணி நேரம் கூண்டின் ஒரு பாதியில் நேரடியாகப் படட்டும், மறு பாதி நிழலில் இருக்கட்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அந்தப் பயன் இல்லை.

கேள்வி: பெண் பறவை நேற்று மாலையிலிருந்து கூண்டுத் தரையில் உப்பி உட்கார்ந்திருக்கிறது. வாலை மேலும் கீழும் ஆட்டுகிறது. சாப்பிடவில்லை. (கொருக்குப்பேட்டை)

இது முட்டை அடைப்பாக, அதாவது முட்டை வெளியே வராமல் உள்ளேயே சிக்கிக்கொண்டதாக இருக்கலாம். காத்திருக்க வேண்டிய விஷயமே அல்ல. செருப்பு டப்பா அளவுள்ள அட்டைப்பெட்டியில் பழைய துணி விரித்துப் பறவையை விடுங்கள். ஒரு முனையில், பெட்டிக்கு வெளியே, 40 வாட் குண்டு பல்பு எரியட்டும். உள்ளே 30 முதல் 32 டிகிரி போதும். சூடு அதிகமானால் நகர்ந்துகொள்ள மறு முனை குளிர்ச்சியாக இருக்க வேண்டும். ஒரு மூலையில் ஈரத் துணி ஒன்றைச் சுருட்டி வைத்தால் காற்றில் ஈரம் இருக்கும். எட்டும் இடத்தில் தண்ணீர் வையுங்கள்.

வயிற்றை அமுக்கி முட்டையை வெளியே தள்ளப் பார்க்காதீர்கள். உள்ளே உடைந்தால் ஓட்டின் சில்லு கிழித்து உயிரையே எடுத்துவிடும். வாயில் விளக்கெண்ணெய் ஊற்றுவதும் தவறு; மூச்சுக்குழாயில் போய்விடும். ஓரிரு மணி நேரத்தில் முட்டை வரவில்லையென்றால் அந்தப் பெட்டியோடு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். உங்களுடையது நேற்று மாலையே தொடங்கிவிட்டதால், சூடு கொடுத்துக்கொண்டே இப்போதே கிளம்புவதுதான் சரி.

வயது குறைந்த பெண், ஓய்வில்லாமல் தொடர்ந்து இட்ட பெண், சுண்ணாம்பு கிடைக்காத பெண், பறக்க இடமில்லாத சின்னக் கூண்டில் கொழுத்த பெண்: இந்த நான்குக்குத்தான் இது அதிகம் வருகிறது. பிழைத்தால் ஆறு மாதம் பானையைக் கண்ணில் காட்டாதீர்கள்.

கேள்வி: குஞ்சு பொரித்த மறுநாளே இரண்டைத் தூக்கி வெளியே போட்டுவிட்டது. நாங்கள் கையால் தொட்டதால் வெறுத்துவிட்டதா? (பெரம்பூர்)

இல்லை. தொட்ட வாடைக்காக ஃபின்ச் குஞ்சை ஒதுக்காது. கீழே கிடக்கும் குஞ்சு சில்லிட்டு, அசையாமல் இருந்தாலும் உடனே செத்துவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். உள்ளங்கையில் மூடி ஐந்து பத்து நிமிடம் சூடு காட்டினால் பல நேரம் கால் உதறும். நன்றாகச் சூடேறி வாய் திறந்ததும் மற்ற குஞ்சுகளுக்கு நடுவே திரும்ப வையுங்கள்.

தீனி கிடைக்கிறதா என்பதைக் கழுத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். இறகு முளைக்காத குஞ்சின் தோல் கண்ணாடிக் காகிதம் போன்றது. கழுத்தின் பக்கவாட்டில் இரைப்பை வெளியே தெரியும். உள்ளே வெள்ளை வெள்ளையாகத் தினை மணிகள் நிறைந்திருந்தால் கவலை இல்லை. மாலையில் அது சுருங்கிக் காலியாகக் கிடந்தால் பெற்றவை ஊட்டவில்லை. பொரித்த முதல் நாள் மட்டும் காலியாக இருக்கலாம். மஞ்சள் கருவின் மிச்சத்தில் அது ஓடிவிடும்.

தள்ளிவிடக் காரணம் பெரும்பாலும் மூன்று. முதல் ஈடு என்பதால் பழக்கமின்மை. அடிக்கடி பானையை எட்டிப் பார்க்கும் தொந்தரவு. மூன்றாவது, மிக முக்கியமானது: மசித்த முட்டை, முளைகட்டிய தினை போன்ற மென்தீனி இல்லாதது. வெறும் தினையை மட்டும் வைத்து ஐந்து குஞ்சை வளர்க்க முடியாது என்று தெரிந்தால் பறவை எண்ணிக்கையைக் குறைக்கிறது.

கேள்வி: அப்படியானால் குஞ்சு இருக்கும்போது என்ன தீனி, எவ்வளவு? (மாதவரம்)

தினை இரண்டு பங்கு, பனிவரகு ஒரு பங்கு, சாமை ஒரு பங்கு. எல்லாம் உமியோடு இருக்க வேண்டும். மளிகைக் கடையில் கிடைக்கும் தினை அரிசி உமி நீக்கியது. சீக்கிரம் சிக்குப் பிடிக்கும், முளையும் கட்டாது. ஒரு ஜோடிக்கு நாளைக்கு இரண்டு டீஸ்பூன் போதும். கிண்ணம் நிறைந்திருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள். ஃபின்ச் உமியைக் கிண்ணத்திலேயே துப்பும். மேலாக ஊதிப் பார்த்தால் அடியில் ஒரு மணிகூட இருக்காது.

குஞ்சு பொரித்த அன்றிலிருந்து அவித்த கோழி முட்டையை மசித்து அரை டீஸ்பூன் வையுங்கள். குஞ்சு வளர வளர இரண்டு டீஸ்பூன்வரை ஏற்றலாம். நம் ஊர்ச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூண்டில் இருக்கக் கூடாது. முளைகட்டிய தினை இன்னும் நல்லது: எட்டு மணி நேரம் ஊறவைத்து, அலசி, ஈரத் துணியில் ஒரு நாள் கட்டினால் வெள்ளை முனை எட்டிப் பார்க்கும். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். முருங்கைக்கீரை, கொத்தமல்லி தாராளமாகத் தரலாம்.

குஞ்சு 18 முதல் 21 நாளில் பானையை விட்டு வெளியே வரும். தானாகத் தின்ன 35 நாள் ஆகும். கறுப்பாக இருக்கும் அலகு ஆரஞ்சுக்குத் திரும்பும்போது, ஏறக்குறைய 45 நாளில், வேறு கூண்டுக்கு மாற்றுங்கள். அண்ணன் தங்கையை ஜோடி சேர்க்காதீர்கள்.

கேள்வி: மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டில் வைத்திருக்கிறோம். மே மாதத்தில் பானை கட்டலாமா? (திருவொற்றியூர்)

கூடாது. அக்னி நட்சத்திரத்தில் வெளியே 40 டிகிரி என்றால் ஆஸ்பெஸ்டாஸுக்கு அடியில் அதைவிடக் கூடுதலாக இருக்கும். அடைக்குத் தேவையான சூடு 37 டிகிரியை ஒட்டியது. பறவை உட்காராமலேயே முட்டை வெந்துவிடும். ஏப்ரல் தொடக்கத்தில் பானையைக் கழற்றி, கூண்டை நிழலுள்ள கீழ்த்தளத்துக்கு இறக்கிவிடுங்கள்.

இங்கே தோதான காலம் மழை ஓய்ந்த டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை. அதில் ஒரே ஒரு இடைஞ்சல் போகி. அன்று விடியற்காலைப் புகை பறவைகளின் நுரையீரலுக்கு ஆகாது. முந்தின இரவே கூண்டை உள்ளறைக்குக் கொண்டுபோய், கதவிடுக்கில் ஈரத் துணி வையுங்கள். கொசுவர்த்திச் சுருளும் அதே கெடுதல்தான். கூண்டுக்குக் கொசுவலை போடுங்கள்.

கேள்வி: ஒன்றன் பின் ஒன்றாக நான்காவது ஈடு. நிறுத்தவே மாட்டேன் என்கிறது. (ராயபுரம்)

அதுவாக நிறுத்தாது. ஜீப்ரா ஃபின்ச்சின் சொந்த ஊர் ஆஸ்திரேலியா. அங்கே வறண்ட உள்நாட்டில் மழை பெய்து புல் விதை பெருகும்போது இனப்பெருக்கம் செய்யும். விதை தீர்ந்தால் ஓய்ந்துவிடும். நம் கூண்டில் தண்ணீரும் தினையும் தீர்வதே இல்லை. அதற்கு ஆண்டு முழுக்க மழைக்காலம்தான். ஓய்வை நாம்தான் கொடுக்க வேண்டும்: ஆண்டுக்கு இரண்டு ஈடு, மிஞ்சினால் மூன்று.

இப்போது முட்டையிட்டுக்கொண்டிருந்தால், ஒவ்வொன்றையும் வந்த அன்றே எடுத்துக் கொதிநீரில் ஐந்து நிமிடம் போட்டு, ஆறியதும் திரும்ப வைத்துவிடுங்கள். பெண் அதன் மேலேயே உட்கார்ந்து இளைப்பாறும், புதிதாக இடாது. அடை விட்டு எழுந்ததும் பானையும் நாரும் வெளியே. முட்டை, முளைப்பயறு போன்ற சத்துத் தீனியை நிறுத்தி, மாலை ஆறு மணிக்குக் கூண்டைத் துணியால் மூடி வெளிச்சத்தைக் குறையுங்கள். சுண்ணாம்பை மட்டும் நிறுத்தக் கூடாது. தீனிக் கிண்ணத்திலேயே முட்டையிட்டால் குறுகலான கிண்ணத்துக்கு மாற்றுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் கூண்டின் நடுவே கம்பித் தடுப்பு போடுங்கள். பார்த்துக்கொள்ளலாம், பேசிக்கொள்ளலாம், அவ்வளவே. மூன்று மாதமாவது அப்படி இருக்கட்டும்.

கேள்வி: பச்சை, சிவப்பு என்று சாயம் பூசிய சின்னக் குருவிகளையும் ஃபின்ச் என்கிறார்கள். வாங்கலாமா? (எண்ணூர்)

வேண்டவே வேண்டாம். அவை வலையில் பிடித்த நம் ஊர்ச் சில்லைகளாக (முனியா எனும் காட்டுக் குருவிகளாக) இருக்கலாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பிடிப்பது, விற்பது, வளர்ப்பது எல்லாம் குற்றம். சாயமும் அதிர்ச்சியும் சேர்ந்து பல பறவைகள் சில நாட்களிலேயே செத்துவிடும்.

கேள்வி: பானைக்குள் எறும்பு ஏறிக் குஞ்சைக் கடித்துவிட்டது. (கொடுங்கையூர்)

கூண்டைச் சுவரில் மாட்டாமல் நான்கு கால் ஸ்டாண்டில், சுவரைத் தொடாமல் நிறுத்துங்கள். ஒவ்வொரு காலையும் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் வையுங்கள். எறும்புச் சாக்பீஸ், மருந்துப் பொடி எதையும் கூண்டுக்கு அருகே கொண்டுபோகாதீர்கள். குஞ்சுக்கு அதுவே விஷம். மசித்த முட்டைச் சிதறலை மாலைக்குள் துடைத்துவிட்டால் எறும்பு வரவே பாதி குறையும். கிண்ணத்துத் தண்ணீரை இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றுங்கள், இல்லாவிட்டால் அதில் கொசு முட்டையிடும்.