கடைச் சீட்டிலிருந்து தொடங்கட்டும்: டிசைன் படிக்க விரும்பும் மகளின் தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

கேரள எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறையிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. ஒன்பதாம் வகுப்பில் தமிழ்வழியில் படிக்கும் உங்கள் மகள் கைப்பேசியில் பிறந்தநாள் வாழ்த்துகளும் கோயில் திருவிழா அறிவிப்புகளும் செய்து உறவினர்களுக்கு அனுப்பிவருகிறாள் என்றும், கிராஃபிக் டிசைன்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பாலக்காட்டில் ஒரு பயிற்சி நிலையத்தின் ஆறு மாதச் சான்றிதழ் வகுப்பில் அவளைச் சேர்க்கலாமா, அதற்காக மடிக்கணினி வாங்கலாமா என்பது உங்கள் கேள்வி. கடைசி வரியில், 'ஃப்ளெக்ஸ் கடையில் உட்காரும் வேலைதானே இது' என்ற வருத்தமும் இருந்தது.

பணத்தைப் பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இந்த ஆண்டு இரண்டும் வேண்டாம். இத்தகைய வகுப்புகளில் பெரும்பாலும் கற்றுத்தரப்படுவது மென்பொருளில் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதுதான், அதை அவள் வயதுப் பிள்ளைகள் தாமாகவே விரைவில் பழகிக்கொள்வார்கள். நமக்கு இன்னும் தெரியாதது வேறு. தான் செய்ததை இன்னொருவர் எப்படிப் படிக்கிறார் என்று கவனித்து, அவருக்காகத் தன் வேலையைக் கலைத்து மறுபடி செய்யும் பொறுமை அவளுக்கு இருக்கிறதா என்பதை நாம் பார்க்க வேண்டும். அதற்குக் கட்டம் போட்ட ஒரு நோட்டும், பென்சிலும், பள்ளிக்கூட லேபும், உங்கள் மளிகைக் கடையும் போதும்.

அவள் இப்போது செய்யும் வாழ்த்து அட்டைகளை நான் குறைவாகச் சொல்லவில்லை. ஆனால் செயலி தரும் மாதிரிப் படிவத்தில் எழுத்துரு, நிறம், படத்தின் இடம் எல்லாவற்றையும் வேறொருவர் முன்பே தீர்மானித்துவிட்டார், உங்கள் மகள் பெயரையும் புகைப்படத்தையும் மாற்றுகிறாள். அவள் எடுத்த முடிவு என்று அதில் காட்டுவதற்கு அதிகம் இருக்காது. ஆகவே முதல் இரண்டு மாதங்களுக்குக் கைப்பேசியை ஒதுக்கிவைத்துவிட்டு, வேலந்தாவளத்திலிருந்து கொழிஞ்சாம்பாறை வரையிலான சாலையில் உள்ள பெயர்ப்பலகைகளில் பதினைந்தைத் தேர்ந்தெடுத்து, நோட்டில் கையால் பார்த்து வரையச் சொல்லுங்கள். புகைப்படம் எடுத்தால் கண் ஒரு நொடியில் தாண்டிப் போய்விடும். வரையும்போதுதான் 'அ'வின் சுழி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கை கேட்கும்.

தமிழும் மலையாளமும் ஆங்கிலமும் ஒரே பலகையில் நெருக்கியடித்து நிற்கும் நம் எல்லைப் பகுதி இந்தப் பயிற்சிக்கு மிகவும் வாய்ப்பான இடம். மலையாள எழுத்து உருண்டு போவதையும், தமிழெழுத்தில் நேர்க்கோடும் படுக்கைக்கோடும் வளைவோடு கலந்து நிற்பதையும், ஒரே செய்தியை எழுதினாலும் தமிழ் வரி ஆங்கில வரியைவிட நீளமாக ஓடுவதையும் அவள் தானே கண்டுபிடிப்பாள். தமிழில் இகரக் குறி மேலே ஏறும், பழைய மலையாள எழுத்தில் கூட்டெழுத்துகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கும், ஆகவே வரிகளுக்கிடையே இடம் விடாவிட்டால் மேல்வரியும் கீழ்வரியும் முட்டிக்கொள்ளும். தட்டச்சுக்கும் அச்சுக்கும் வசதியாகக் கேரள அரசு 1971-இல் மலையாள எழுத்தைச் சீர்திருத்தியது, தமிழ்நாடு அரசு 1978-இல் தமிழெழுத்தைச் சீர்திருத்தியது. யானைத் துதிக்கைபோல் வளைந்த பழைய 'லை' எழுதிய பலகை ஏதேனும் ஒரு பழைய கட்டடத்தில் இன்னும் மிஞ்சியிருக்கலாம். அதைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், அவளுக்கு அது ஒரு விளையாட்டாகவும் இருக்கும்.

அடுத்ததுதான் முக்கியமான வேலை. உங்கள் கடைக்கு ஒரு மளிகைச் சீட்டு அவள் செய்யட்டும். ஏ4 தாளில், அதாவது 210க்கு 297 மில்லிமீட்டரில், மாதச் சாமான்களின் பெயர்கள் தமிழிலும் மலையாளத்திலும் இருக்க வேண்டும், வாடிக்கையாளர் அளவை எழுதிக் கொடுத்தால் கடைப் பையன் அதைப் பார்த்து எடுத்துக் கட்ட வேண்டும். எளிதாகத் தெரியும், ஆனால் உட்கார்ந்தால் சிக்கல் வரும். 'கடலை' என்று ஒரு வரி போட்டால் உங்கள் தமிழ் வாடிக்கையாளர்களில் பலர் நிலக்கடலையை நினைப்பார்கள், 'கடல' என்று கேட்கும் மலையாளி கொண்டைக்கடலையை நினைப்பார். பச்சைப்பயறு அவர்களுக்குச் செறுபயர். கல்லாவில் உட்கார்ந்து பல ஆண்டுகளாக இதையெல்லாம் சமாளித்துவரும் உங்களுக்கு இது தெரிந்த சங்கதி, உங்கள் மகளோ இதைத் தாளின்மேல் தீர்த்தாக வேண்டும். எந்தப் பெயர் முதலில் வரும், எது பெரிய எழுத்தில் வரும், பருப்பு வகைகளை ஒன்றாகச் சேர்ப்பதா, அகரவரிசையில் வைப்பதா, அகரவரிசை என்றால் எந்த மொழியின் வரிசை, அளவு எழுதும் கட்டம் கிலோவுக்கும் கிராமுக்கும் தனித்தனியா என்று ஒவ்வொன்றையும் அவளே முடிவுசெய்ய வேண்டும். வரைகலை வடிவமைப்பு என்று நாங்கள் சொல்வது இந்த முடிவுகளைத்தான், வண்ணமும் அலங்காரமும் பிறகுதான் வரும்.

சீட்டு தயாரானதும் மூன்று வாடிக்கையாளர்களிடம் கொடுத்துவிட்டு அவள் பக்கத்தில் பேசாமல் நிற்க வேண்டும். விளக்கம் சொல்லக் கூடாது. அவர்கள் விரல் எந்த வரியில் தயங்குகிறது, எதை இரண்டு முறை படிக்கிறார்கள், எந்தக் கட்டத்தில் தவறாக எழுதுகிறார்கள் என்று குறித்துக்கொண்டு, மறுநாள் சீட்டைத் திருத்த வேண்டும். குறைந்தது மூன்று முறையாவது இப்படி நடக்கட்டும். பழைய வடிவங்களைத் தேதி போட்டு நோட்டில் ஒட்டிவைக்கச் சொல்லுங்கள்.

என்னிடம் வந்த பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் தம் ஊர்ப் பால் சங்கத்துக்கு அறிவிப்பு ஒன்று செய்தார். மேலே அழகான பசு, பச்சைப் புல்வெளி, வளைந்த எழுத்தில் சங்கத்தின் பெயர் எல்லாம் இருந்தன. மாலைப் பால் எடுக்கும் நேரம் அரை மணி முன்னதாக மாறிவிட்டது என்ற ஒரே செய்திக்காக எழுதப்பட்ட அந்த அறிவிப்பில், நேரம் மட்டும் புல்லின்மேல் வெளிர்மஞ்சள் நிறத்தில் கிடந்தது. மறுநாள் மாலை பாதிப்பேர் பழைய நேரத்துக்கே கேனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், அவர்களில் ஒரு பாட்டி தாளைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்து, 'மாடு நல்லா இருக்குது சாமி, மணி எங்க?' என்று கேட்டாராம். அந்த மாணவர் பசுவை எடுத்துவிட்டு, மணியை உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கி, வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தில் மறுபடி செய்தார். இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துக் காட்டியபோதுதான் இவர் இந்தப் படிப்புக்குத் தகுந்தவர் என்று நான் அவர் பெற்றோரிடம் சொன்னேன்.

மூன்றாவதாக, கடைக்கு ஒரு சின்னம் வரையலாம். ஒரே நிறம், கைக்கட்டைவிரல் நகத்தளவு ரப்பர் முத்திரையிலும் ஷட்டர் கதவிலும் ஒன்றுபோலத் தெரிய வேண்டும் என்பதே விதி. 2010-இல் இந்திய அரசு ஏற்றுக்கொண்ட ரூபாய்க் குறியீட்டை வடிவமைத்த உதயகுமார் கள்ளக்குறிச்சிக்காரர், தமிழ் எழுத்துருக்களை ஆராய்ந்தவர். தேவநாகரி 'ர'வையும் ரோமன் 'ஆர்' எழுத்தையும் ஒன்றாக்கிய அந்தக் குறியீட்டை நீங்கள் பில் எழுதும் அவசரத்திலும் பேனாவால் சில கோடுகளில் போட்டுவிடுகிறீர்கள். உங்கள் மகள் வரைந்த சின்னத்தையும் அதே அவசரத்தில் உங்களால் கையால் போட முடிகிறதா என்று பாருங்கள். கல்யாணப் பத்திரிகை, திருவிழாச் சுவரொட்டி ஆகியவற்றை இப்போதைக்குத் தள்ளிவைக்கலாம். அவற்றில் மாமாவும் சித்தப்பாவும் ஆளுக்கொரு நிறம் சொல்வார்கள், குழந்தை எதையும் கற்றுக்கொள்ளாது.

பென்சில் வடிவம் நிலைத்த பிறகு கணினிக்குப் போகலாம். கேரளப் பள்ளிகளில், பள்ளிக் கணினிக் கல்விக்கான அரசு அமைப்பான கைட் நிறுவனம் தரும் கணினிகளில் இங்க்ஸ்கேப், கிம்ப் போன்ற கட்டணமில்லா மென்பொருள்கள் ஏற்கெனவே இருக்கின்றன. 2018-இல் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' என்ற மாணவர் கணினிக் குழுவுக்கு எட்டாம் வகுப்பிலேயே தேர்வு நடந்துவிடும். உங்கள் மகள் அதில் உறுப்பினராக இல்லாவிட்டாலும், பொறுப்பு ஆசிரியரிடம் நீங்கள் நேரில் சென்று கேட்டால் மதிய இடைவேளையிலோ சனிக்கிழமையிலோ லேபில் உட்கார இடம் கிடைக்கக்கூடும். சீட்டு, சின்னம் போன்றவற்றுக்கு இங்க்ஸ்கேப் பொருந்தும், ஏனென்றால் அதில் வரைந்த கோட்டை எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. எழுத்துருவைப் பொறுத்தவரை, தமிழுக்கும் மலையாளத்துக்கும் ஒரே குடும்பமாக வடிவமைத்த அனெக் எழுத்துருவும், தமிழில் 'பலூ தம்பி', மலையாளத்தில் 'பலூ சேட்டன்' என்று பெயரிட்ட அண்ணன்தம்பி எழுத்துருக்களும் திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பெயர் வேடிக்கையாக இருந்தாலும், இரண்டு மொழியும் ஒரே தாளில் ஒரே கனத்தில் நிற்க வேண்டிய நம் ஊருக்கு இவை மிகவும் பயன்படும்.

அச்சுக்குக் கொடுக்கும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும், இதில் நானே அடிபட்டிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆலோசனை முகாமுக்காக ஐந்நூறு துண்டறிக்கைகள் அச்சிடக் கொடுத்தேன். நான் இப்போதைய கணினிகளின் பொது எழுத்துமுறையான யூனிகோடில் தட்டச்சு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், அச்சகத்தில் பழைய மென்பொருளில் பழைய வகை எழுத்துருவுக்கு அதை மாற்றினார்கள். கொம்பு எழுத்தைத் தாண்டி மறுபக்கம் போய்விட்டது, 'பெற்றோர்' என்ற சொல்லில் 'ப' முன்னால் வந்து கொம்பு தனியாகப் பின்னால் நின்றது. அவர்கள் சரிபார்க்க அனுப்பிய படத்தைக் கைப்பேசியில் அவசரமாகப் பார்த்து 'சரி' என்று பதில் போட்டது நான்தான், ஆகவே ஐந்நூறும் என் செலவிலேயே பழைய பேப்பர் கடைக்குப் போயின. எழுத்துகளையெல்லாம் எந்த எழுத்துருவும் தேவைப்படாத வரைகோடுகளாக மாற்றி, பிடிஎஃப் கோப்பாகக் கொடுத்து, ஒரே ஒரு பிரதியைத் தாளில் எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்த பிறகுதான் மொத்தத்துக்கும் சம்மதம் சொல்ல வேண்டும் என்று உங்கள் மகளுக்கு முதல் நாளே பழக்குங்கள். திரையில் பளீரென்று தெரியும் நீலம் நான்கு மைகளால் அச்சாகும்போது மங்கிவிடும் என்பதையும், நிறம் தாளின் ஓரம்வரை போவதாக இருந்தால் வெட்டுவதற்காகச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட வேண்டும் என்பதையும் அந்த ஒரு பிரதியிலேயே அவள் பார்த்துக்கொள்வாள்.

இதனால்தான் ஃப்ளெக்ஸ் கடையைப் பற்றிய உங்கள் வருத்தத்தை நான் பகிர்ந்துகொள்ளவில்லை. தெரிந்த கடை ஏதேனும் இருந்தால், இரண்டு சனிக்கிழமைகள் அவளை அங்கே உட்காரவைத்து, கோப்பு எப்படி வருகிறது, வாடிக்கையாளர் எத்தனை முறை மாற்றச் சொல்கிறார், சதுர அடிக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று கவனிக்கச் சொல்லுங்கள். மூன்று மொழிகளையும் பிழையில்லாமல் அமைக்கத் தெரிந்தவர்கள் நம் பகுதியில் குறைவு. இத்தொழிலில் தொடக்க வருமானம் சிறிய ஊர்களில் குறைவாகவும் ஒழுங்கில்லாமலும் இருக்கும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. கணினியே இப்போது படம் வரைந்துவிடுகிறதே என்றும் கேட்டிருந்தீர்கள். வரையட்டும். கடலைக்கும் கடலவுக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் கடை வாசலில் நின்று கவனித்து அதற்குச் சொல்ல ஒருவர் வேண்டியிருக்கிறது.

படிப்பைப் பொறுத்தவரை அவசரப்பட வேண்டியதில்லை. அகமதாபாத்தில் 1961-இல் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனம், சென்னையிலும் கண்ணூரிலும் வளாகங்கள் உள்ள நிஃப்ட் என்ற தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனம், ஐ.ஐ.டி. பம்பாய் நடத்தும் யுசீட் என்ற வடிவமைப்பு நுழைவுத் தேர்வு ஆகியவற்றின் வழியாக இளநிலை வடிவமைப்புப் படிப்பில் சேர, பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்திருந்தாலும் போதும். ஆகவே இதற்காக அறிவியல் பிரிவைக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம், கைவிடவும் வேண்டாம். இந்த நுழைவுத் தேர்வுகளில் கையால் வரையும் பகுதி உண்டு, கட்டம் போட்ட நோட்டு அங்கேதான் உதவிக்கு வரும். கொல்லம் சந்தனத்தோப்பில் கேரள அரசின் வடிவமைப்பு நிறுவனமும், திருவனந்தபுரம் நுண்கலைக் கல்லூரியில் பயன்பாட்டுக் கலைப் பிரிவும் இருக்கின்றன. சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகளில் காட்சித் தொடர்பு வடிவமைப்பு கற்பிக்கப்படுகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் படிக்கவைக்கும் எண்ணம் இருந்தால், இருப்பிடச் சான்று பற்றிய விதிகளை அந்தந்த ஆண்டின் சேர்க்கைக் குறிப்பேட்டில் பார்த்துவிட்டே பிளஸ் ஒன் பள்ளியை முடிவுசெய்யுங்கள். நம் எல்லைக் குடும்பங்கள் பல இந்த இடத்தில்தான் பின்னால் அலைய நேர்கிறது.

ஓணப் பரீட்சை முடிந்த பிறகு நீங்கள் பொள்ளாச்சிக்குச் சரக்கெடுக்க வரும் நாளில் மகளையும் அழைத்துவாருங்கள். மளிகைச் சீட்டின் எல்லா வடிவங்களையும், கசக்கி எறிந்ததாக இருந்தாலும் நிமிர்த்தி எடுத்து, நோட்டோடு கொண்டுவரச் சொல்லுங்கள். எந்த வரியில் யார் விரல் தயங்கியது என்றுதான் நான் அவளிடம் முதலில் கேட்பேன்.

அன்புடன்,
தங்கள் ஆலோசகர்